பள்ளிச் சிறுவரும் பார்வைச் சோதனையும்

பிறமொழி வழங்கும் நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு எழாத நாளே இல்லை எனலாம். மதிப்பெண் குறைந்துவிட்டால் அதற்குக் காரணம் தேடுவதும் இயல்பு. "இந்தி இன்னும் பிடிபடவில்லை" என்பர் சிலர். "புதிய பள்ளி, பழக நாளாகும்" என்பர் வேறு சிலர். கைப்பேசியைக் குறைகூறுவோர் இக்காலத்தில் மிகப் பலர். இவையெல்லாம் ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலிற் கேட்பவர் மிகச் சிலரே.

பிள்ளையும் அதைத் தானாகச் சொல்வதில்லை. மெல்ல மெல்ல மங்கிவரும் பார்வையை அது குறையென்று உணர்வதேயில்லை. உலகம் எல்லார்க்கும் இவ்வாறுதான் தோன்றுகிறது என்று எண்ணிக்கொள்கிறது. மரத்தில் இலைகள் தனித்தனியே இருப்பதைக் கண்ணாடி அணிந்த அன்றுதான் கண்டதாகக் கூறும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அதிலும், மொழி தெரியாத வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் நிலை பெரிதும் இரங்கத்தக்கது. பலகையில் உள்ளது புரியவில்லையா, தெரியவில்லையா என்பதை அதனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆசிரியராலும் கண்டுகொள்ள முடியாது. "மொழி தெரியாத பிள்ளை" என்னும் பெயர் வந்துவிட்டால், கண்ணின் குறை அப்பெயரின் பின்னே மறைந்துகொள்ளும். ஆண்டுகள் இரண்டு மூன்று இப்படியே கழிந்துவிடும்.

இக்குறையைக் கண்டறிவதற்கென்றே அரசினர் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் பார்வைச் சோதனை நடத்தப்பெறுகிறது. அது எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நம் குடும்பங்களின் பங்கு யாது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

பள்ளி மாணவரை மருத்துவர் பார்வையிடும் வழக்கம் நம் நாட்டில் 1909-ஆம் ஆண்டில் பரோடா நகரில் தொடங்கிற்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1899-இல், ஆசிரியர்களைக் கொண்டு மாணவரின் பார்வையைச் சோதிக்கச் சட்டம் இயற்றியிருந்தது. பரோடா காட்டிய வழியை நாட்டின் ஏனைய பகுதிகள் விரைந்து பின்பற்றவில்லை. சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் அளித்த அறிக்கை, பள்ளி மாணவர்க்கான மருத்துவப் பணி இந்தியாவில் இல்லை என்று சொல்லத்தக்க நிலையிலேயே இருப்பதாகக் கூறியது.

அந்நாளில் சிறுவரின் கண்ணுக்குப் பகையாய் இருந்தவை வேறு. ட்ரக்கோமா என்னும் தொற்றுநோய் வடபுலத்தில் பரவியிருந்தது. அதனை ஒழிக்க 1963-இல் தேசியத் திட்டம் வகுக்கப்பெற்றது. வைட்டமின் ஏ குறைவால் மாலைக்கண் வந்து, பின் பார்வையே போய்விடும் குழந்தைகளும் பலர். அதற்கான தடுப்புத் திட்டம் 1970-இல் வந்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், இந்தியாவில் ட்ரக்கோமா பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பழைய பகை பெரும்பாலும் நீங்கியது. இன்று பள்ளிச் சிறுவரிடம் மிகுதியாகக் காணப்படுவது, ஒரு கண்ணாடியால் திருத்தக்கூடிய பார்வைக் குறையே.

பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976-இல் தோன்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து மாணவரைச் சோதிக்கச் செய்தலும், குறையுள்ளவர்க்கு விலையின்றிக் கண்ணாடி வழங்குதலும் அதன் பணிகளுள் அடங்கும். 2013-இல் 'ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்' என்னும் மற்றொரு திட்டம் வந்தது. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரிடம் 30 வகைக் குறைகளைத் தேடிக் காண்பது அதன் நோக்கம். பார்வைக் குறை அவற்றுள் ஒன்று. மருத்துவர் இருவர், செவிலியர் ஒருவர், மருந்தாளர் ஒருவர் கொண்ட ஊர்திக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும் என்பது விதி. மாநிலத்துக்கு மாநிலம், ஏன், பள்ளிக்குப் பள்ளி, இது நடைபெறும் முறையில் வேற்றுமை உண்டு. ஆகவே, நம் பிள்ளையின் பள்ளியில் இவ்வாண்டு சோதனை நடந்ததா என்று கேட்டறிதல் பெற்றோர்க்கு உரிய கடமை, உரிமையுங்கூட.

சிக்கல் எவ்வளவு பெரிது என்று கேட்கலாம். தில்லி மாநகரில் 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவரை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் நூற்றுக்கு 7.4 பேருக்குக் கிட்டப்பார்வை காணப்பட்டது. 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு தில்லிப் பள்ளி மாணவர் 9,884 பேரைச் சோதித்து, நூற்றுக்கு 13.1 பேருக்கு அக்குறை உண்டெனக் கண்டது. இரண்டு ஆய்வுகளின் முறையும் ஒன்றல்ல. ஆதலின் 'பதின்மூன்றாண்டில் இரட்டித்துவிட்டது' என்று முழங்குவது பொருந்தாது. ஆனால், இரண்டாம் ஆய்வில் கண்ட வேறொரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கிட்டப்பார்வை உடையவராய்க் கண்ட மாணவருள் சரியான கண்ணாடி அணிந்திருந்தோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே! மற்ற மூன்று பங்கினர் மங்கலான கரும்பலகையை நோக்கியே படித்துக்கொண்டிருந்தனர். இது ஏதோ எட்டாத குக்கிராமத்தில் அன்று, நாட்டின் தலைநகரில்.

கிட்டப்பார்வை என்பது எவ்வளவு தூரத்தை மறைக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கண்ணாடிக் கடைக்காரர் எழுதித் தரும் எண்ணால் ஒன்றை வகுத்தால், அப்பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை மீட்டரில் கிடைக்கும். மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். அரை மீட்டருக்கு அப்பால் உள்ளதெல்லாம் அப்பிள்ளைக்கு மங்கலே. மடியில் வைத்த புத்தகம் நன்றாகத் தெரியும். ஆகவே வீட்டில் ஒருவரும் ஐயுறுவதில்லை. வகுப்பில் மூன்றாம் வரிசையிலிருந்து கரும்பலகை எத்தனை மீட்டர் என்று எண்ணிப் பாருங்கள்.

இனிச் சோதனைக்கு வருவோம். சோதனைப் பலகையை 1862-இல் உருவாக்கியவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன். நல்ல பார்வையுள்ள கண் 6 மீட்டர் தூரத்தில் இருந்து படிக்கவல்ல எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர், அதனைப் படித்தால் 6/6 என்பர். 60 மீட்டரில் இருந்தே நல்ல கண்ணுக்குத் தெரியக்கூடிய பேரெழுத்தை 6 மீட்டரில் நின்றால்தான் காண முடிகிறது என்றால் அது 6/60. பள்ளிச் சோதனையில் பலகை முழுவதையும் படிக்கச் சொல்வது வழக்கமன்று. 6/9 என்னும் அளவில், ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் உயரமுள்ள குறிகளைக் காட்டி, தெரிகிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பர். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும். இது சல்லடை போன்றது. நோய் இன்னதென்று கூறுவது இதன் வேலையன்று.

மேற்குத் தில்லியில் ஓர் அரசுப் பள்ளியில் இச்சோதனை நடந்தபொழுது, நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துக் கூறும் பொருட்டு உடனிருந்தேன். அங்குக் கண்ட ஒன்றைச் சொல்லுதல் தகும். சுவரில் மாட்டியிருந்தது தேவநாகரி எழுத்துப் பலகை. சேலம் பக்கத்திலிருந்து வந்து நான்கு திங்களே ஆன ஒன்பது வயதுச் சிறுமி அதன் முன் வாய் திறவாமல் நின்றாள். பேரெழுத்தைக் காட்டியும் பேசவில்லை. எழுதுபவர் 'பார்வை மிகக் குறைவு' என்று குறிக்கப் பேனாவை எடுத்துவிட்டார். அடுத்து நின்ற பையனோ மடமடவென்று எல்லா எழுத்துக்களையும் ஒப்பித்தான். 'குறையில்லை' என்று எழுதினர். அப்பொழுது ஆசிரியை ஒருவர் 'ஈ' அட்டை ஒன்றை எடுத்து வந்தார். ஆங்கில எழுத்து 'ஈ' மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் திரும்பி நிற்கும் அட்டை அது. அதன் மூன்று கால்கள் எப்பக்கம் நீட்டியுள்ளனவோ அப்பக்கம் விரலைக் காட்டினாற் போதும். சிறுமி ஒரு குறியும் தவறாது காட்டினாள். பையன் திகைத்து நின்றான். வரிசையில் நின்றபொழுது முன்னிருந்தவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான்; அட்டையைத் திருப்பியதும் கதை வெளிப்பட்டது! அவனைத் திட்டுவதற்கு என்ன இருக்கிறது? தேர்வு என்றால் தேறவேண்டும் என்றுதானே நாம் கற்பித்திருக்கிறோம்?

எழுத்தறியாதவர்க்கென்று ஏற்பட்ட இவ்வட்டை, வேற்றெழுத்து வழங்கும் ஊரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. தமிழ், கன்னடம், இந்தி என்னும் வேற்றுமை அதற்கில்லை. மும்பையைப் போலத் தமிழ்வழி வகுப்புகளையும் மாநகராட்சியே நடத்தும் இடங்களில் இவ்விடர் குறைவு. மற்ற ஊர்களில், சிறு பிள்ளையாயின் 'ஈ' அட்டையாற் சோதிக்குமாறு ஆசிரியரிடம் பணிவுடன் கேட்கலாம். அவர் மறுக்கமாட்டார். முதல் நாள் இரவில் வீட்டிலேயே ஒரு தாளில் அதை வரைந்து, விளையாட்டாக விரல் காட்டப் பழக்கிவிட்டால், மறுநாள் பிள்ளை மருளாது.

சோதிக்கும்பொழுது கண்களைத் தனித்தனியே பார்த்தல் இன்றியமையாதது. ஒரு கண் நன்றாயும் மற்றது மிக மங்கலாயும் உள்ள பிள்ளை, இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் படித்துவிடும். மறுகண்ணை உள்ளங்கையால் மூடவேண்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்க்கும், அழுத்தி மூடினால் அக்கண் சற்றுநேரம் மங்கிவிடும். ஒரு கண்ணில் மட்டும் குறையுள்ள பிள்ளைக்கு உள்ள ஆபத்து பெரிது. தெளிவான உருவத்தை அனுப்பாத கண்ணை மூளை நாளடைவில் புறக்கணித்துவிடுகிறது. இதனைச் 'சோம்பல் கண்' என்பர். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்து, கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மூடி வைத்துத் தளர்ந்த கண்ணை உழைக்கச் செய்தால் பெரும்பயன் விளையும். வயது கடந்தோரிலும் ஒரு பகுதியினர்க்குப் பயன் கிட்டுவதுண்டு. ஆனால் காலம் செல்லச் செல்லக் கதவு குறுகிக்கொண்டே வரும். மாறுகண்ணை 'அதிருஷ்டம்' என்று விட்டுவைப்பவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னொன்று: புகைப்படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெண்மையாய்ப் பளிச்சிட்டால், பள்ளிச் சோதனை நாளுக்காகக் காத்திராமல் அன்றே கண் மருத்துவமனைக்கு ஓடவேண்டும், கண்புரையாகவோ விழித்திரைப் புற்றாகவோ இருக்கக்கூடும்.

சல்லடைக்கும் ஓட்டை உண்டு. எட்டப்பார்வை உடைய பிள்ளை, தன் கண்ணை வருத்திக் குவித்து 6/9 வரியைப் படித்துத் தேறிவிடலாம். அதன் துன்பம் மாலையில் தலைவலியாகவும், படிக்க உட்கார்ந்தால் கண் கலங்குவதாகவும் வெளிப்படும். ஆகவே, பள்ளியில் 'சரி' என்று எழுதிவிட்டார்களே என்று அடிக்கடி வரும் தலைவலியைப் பொருட்படுத்தாது விடலாகாது.

நிற்க. இதுகாறும் கூறியவை பள்ளிக்குள் நிகழ்பவை. தேறாத பிள்ளையின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புவர். இவ்வூரில் 'பர்ச்சி' என்பார்களே, அதுதான். இன்ன நாளில் இன்ன மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்து வருக என்று அதில் எழுதியிருக்கும். இந்தியிலோ, மராத்தியிலோ, கன்னடத்திலோ எழுதியிருக்கும். என் கருத்தில், இம்முயற்சி முழுவதும் வெல்வதும் வீழ்வதும் அந்தச் சிறு தாளைப் பொறுத்ததே. சோதனை நடத்துவது எளிது. அதற்குத் திட்டம் உண்டு, ஆள் உண்டு, அட்டை உண்டு. சீட்டைப் படித்து, அரைநாட் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி, மருத்துவமனை வரிசையில் நிற்பதற்குத்தான் எவரும் இல்லை.

கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் விடியுமுன் புறப்படும் தாய்தந்தையரை இதற்காகக் குறைகூறுதல் முறையன்று. தாய்க்கு அவ்வெழுத்துத் தெரியாது. பிள்ளை படித்துச் சொல்லும் என்றாலோ, கண்ணாடி போட்டால் கேலி செய்வார்களே என்று அஞ்சி, சீட்டைப் புத்தகப் பைக்குள்ளேயே வைத்துவிடும். பலர் இடம் மாறிக்கொண்டும் இருக்கின்றனர். 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தில்லி ஜங்புராவில் 'மதராஸி கேம்ப்' இடிக்கப்பட்டதை நம்மவர் மறந்திருக்க முடியாது. மாற்றுவீடு ஒதுக்கப்பெற்றவர்க்கு அது நகரின் வட கோடியிலுள்ள நரேலாவில் அமைந்தது. ஒதுக்கீடு பெறாதோர் பல திசைகளிற் பிரிந்தனர். வீடு மாறினால் பிள்ளையின் பள்ளி மாறும். பழைய பள்ளிப் பதிவேட்டில் எழுதிய பார்வைக் குறிப்பு பிள்ளையின் பின்னே நடந்து வருவதில்லை. புதுப் பள்ளியில் அடுத்த சோதனை வரும் வரையில் அது மீண்டும் 'மந்தமான பிள்ளை'தான்.

இவ்விடத்தில் சங்கத்து அன்பர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெரிய நிதியும் வேண்டா, விழாவும் வேண்டா. நாம் வாழும் பகுதியில் அரசுப் பள்ளிக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகள் எவையென்று நமக்குத் தெரியும். சோதனை நடந்த வாரத்தில் அவ்வீடுகளுக்குச் சென்று, "சீட்டு ஏதும் வந்ததா, அம்மா?" என்று கேட்டு, அதைப் படித்துச் சொல்லுதல், வேலைக்குப் போகவேண்டிய தாய்க்குப் பதிலாக இல்லாவிடினும் அவருடன் ஒருநாள் மருத்துவமனைக்குச் செல்லுதல், பிள்ளையின் எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல். பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் நம் சங்கங்களில் எத்தனை பேர்!

மருத்துவமனையில் நிகழ்வது பற்றியும் முன்னரே அறிந்திருத்தல் நலம். அறியாமையால் பலர் பாதியில் திரும்பிவிடுகின்றனர். குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுச் சோதிப்பர். சிறுவரின் கண்வில்லை மிகுந்த ஆற்றலுடையது. தன்னையறியாமல் குவிந்து, சோதிப்பவரை ஏமாற்றிவிடும். அதனை ஓய்வுறச் செய்தால்தான் உண்மையான எண் தெரியும். மருந்து விட்டபின் வெளிச்சம் கூசும், அருகில் உள்ளவை மங்கும். ஹோமாட்ரோபின் போன்ற மருந்தாயின் ஓரிரு நாளில் தெளியும். அட்ரோபின் ஆயின் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். 'மருந்து விட்டுப் பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள்' என்று அஞ்சவேண்டுவதில்லை. கடைத்தெருவில் பொறியை மட்டும் வைத்து இரண்டு நிமிடத்தில் சொல்லும் எண், பெரியவர்க்கு ஒருவேளை பொருந்தலாம். முதன்முறை கண்ணாடி அணியப்போகும் சிறு பிள்ளைக்கு அதனை நம்புதல் தகாது.

கண்ணாடி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோமாயின், அங்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. புணேயைச் சார்ந்த பள்ளிகளில் கண்ணாடி வழங்கப்பெற்ற மாணவருள் 1,018 பேரை ஆறு திங்களுக்கும் ஓராண்டுக்கும் இடையில் மீண்டும் சென்று பார்த்தனர். 2013-இல் அவ்வாய்வு வெளிவந்தது. கண்ணாடி அணிந்திருந்தவர் 300 பேரே, அதாவது நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. உடைந்தது, தொலைந்தது, வீட்டில் மறந்தது, பிறர் கேலி செய்தது என்று இத்தகைய ஆய்வுகளில் பிள்ளைகள் கூறும் காரணங்கள் எல்லா ஊரிலும் ஒன்றே. 2017-இல் வெளியான பெங்களூர் வட்டார ஆய்வொன்றோ வேறு விதமாய் முடிந்தது. கண்ணாடியால் பார்வை இரண்டு வரியேனும் தெளிவடையும் பிள்ளைகளுக்கே வழங்கினர். சட்டத்தையும் பிள்ளைகளே தெரிந்தெடுத்தனர். மூன்று நான்கு திங்கள் கழித்து, முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபொழுது நான்கில் மூன்று பங்கினர் அணிந்திருந்தனர் அல்லது தம்முடன் வைத்திருந்தனர். இங்குக் காலம் குறுகியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இரண்டு செய்திகள் விளங்குகின்றன. மிக இலேசான குறைக்குக் கண்ணாடி கொடுத்தால் பிள்ளை அதன் பயனை உணராது; உணராததைச் சுமக்காது. தடித்த கறுப்புச் சட்டத்தை 'இலவசம்தானே' என்று மாட்டிவிட்டாலும் அது பெட்டிக்குள் போய்விடும். பத்து வயதுப் பெண்ணுக்குத் தன் முகத்தைப் பற்றிக் கருத்து உண்டு. அதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வீட்டிலிருந்து எழும் தடைகளும் உள. 'கண்ணாடி போட்டால் எண் ஏறிக்கொண்டே போகும்' என்பது அவற்றுள் முதன்மையானது. வளரும் பருவத்தில் கண்ணுருண்டை நீள்வதால் எண் ஏறுகிறது. உயரம் கூடக் கூடச் சட்டை சிறுத்துப்போவதற்குத் தையற்காரரைக் குறைகூறுவோமா? மலேசியாவில் 94 சிறுவரைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியிட்ட சோதனையில், வேண்டுமென்றே சற்றுக் குறைந்த எண்ணில் கண்ணாடி அணிவிக்கப்பெற்றவர்க்கே கிட்டப்பார்வை மிகுதியாய் வளர்ந்தது. 'பெண்பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டா, நாளைக்குக் கல்யாணம் பேசவேண்டுமே' என்னும் சொல்லும் இன்னும் நம்மிடையே மறையவில்லை. தேர்வில் தவறிப் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு எத்தகைய கல்யாணம் பேசப்போகிறோம் என்று அவர்களைத் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. சீனத்தின் மேற்குப் பகுதியில் 252 பள்ளிகளில் நடந்த ஆய்வொன்று 2014-இல் வெளிவந்தது. பார்வைக் குறையுள்ள 3,177 மாணவருள், விலையின்றிக் கண்ணாடி பெற்ற பள்ளியினர், கண்ணாடிச் சீட்டு மட்டும் பெற்றவரைவிட ஓராண்டிறுதியில் கணக்குத் தேர்வில் மேம்பட்டு விளங்கினர். கிட்டிய ஏற்றம் மிகப் பெரிதன்று. ஆயினும் செலவிட்டது ஒரு கண்ணாடியின் விலையே அன்றோ?

குறை வருமுன் தடுக்க வழியுண்டா? முற்றிலும் தடுக்க இயலாது, தள்ளிப்போட இயலும். சீனத்துக் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளியில் இருக்கச் செய்தனர். மூன்றாண்டில் அவர்களுள் கிட்டப்பார்வை தோன்றியவர் நூற்றுக்கு 30.4, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5. இது 2015-இல் வெளியாயிற்று. தில்லி ஆய்வும் வெளியில் விளையாடும் பிள்ளைகளிடம் இக்குறை குன்றியிருப்பதையும், அரசுப் பள்ளியினும் தனியார் பள்ளியில் மிகுந்திருப்பதையும் கண்டது. மாலையில் ஒரு வகுப்பு, இரவில் ஒரு வகுப்பு என்று பிள்ளையை அறைக்குள் அடைத்துவிட்டுக் 'கண்ணுக்குக் கேரட் கொடுக்கிறேன்' என்பதில் பொருளில்லை. கார்த்திகை மார்கழியில் தில்லியின் காற்று இருக்கும் நிலையில் பிள்ளையை வெளியே அனுப்புவது எப்படி என்று கேட்பீர்கள். அந்நாள்களில் இயலாதுதான், ஆண்டின் மற்றைத் திங்களிலேனும் மாலை வெயிலை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

இறுதியாக, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு குறிப்பு. பிள்ளைக்குக் கண்ணாடி வந்தவுடன், எண் எழுதிய தாளைக் கைப்பேசியில் படம்பிடித்து, தந்தை தாய் இருவரிடமும், ஊரில் உள்ள பாட்டனாரிடமும் இருக்கச் செய்யுங்கள். கோடை விடுமுறையில் ஊர் செல்லும்பொழுது, இரயிலின் மேற்படுக்கையிலோ, கிணற்றடியிலோ, தோட்டத்து மாமரத்தின் கீழோதான் பெரும்பாலான கண்ணாடிகள் உடைகின்றன. அத்தாள் கையில் இருந்தால், அருகிலுள்ள நகரிலேயே இரண்டொரு நாளில் புதியதொன்று செய்துகொள்ளலாம்; ஜூனிலோ ஜூலையிலோ பள்ளி திறக்கும் வரை பிள்ளை காத்திருக்க வேண்டுவதில்லை. பள்ளி திறந்ததும் அத்தாளின் படியொன்றை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துமாறு கேளுங்கள். ஆண்டுக்கொருமுறை எண்ணை மீண்டும் பார்க்கச் செய்யுங்கள். அதற்குள் சட்டமும் காதை அழுத்தும் அளவுக்குச் சிறுத்துப்போயிருக்கும்.